சமையல் மேடைக்குக் கிரானைட்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

பழைய மேடையைப் பெயர்த்துவிட்டுக் கிரானைட் போடலாம் என்று முடிவானதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். குடும்பத்தோடு கல் கடைக்குப் போவார்கள், வெயிலில் மின்னுகிற ஒரு ஸ்லாப்பைக் காட்டி "இதுதான் நல்லா இருக்கு" என்பார்கள், முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். கிரானைட் போடுகிறவர் டேப்போடு வீட்டுக்கு வருவது அதற்குப் பிறகுதான். அளந்து பார்த்துவிட்டு, "அகலம் பத்தாது சார், பின்னாடி ரெண்டு இன்ச் ஒட்டுப் போட்டுக்கலாம், டைல்ஸ் ஒட்டினா தெரியாது" என்பார். தெரியும். அந்த ஒட்டுக்குள் தண்ணீர் இறங்குவதும் எறும்பு புற்று வைப்பதும் வருஷக்கணக்கில் தெரிந்துகொண்டே இருக்கும்.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் அளவு. அடுத்து, அடுப்பும் சிங்க்கும் எந்த இடத்தில் என்பது. அப்புறம், உங்கள் வீட்டு மேடைமேல் தினமும் என்ன சிந்தும் என்பது. இந்த மூன்றும் முடிந்தபின் கடையில் மிச்சம் இருக்கிற கற்களில் பிடித்த நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். வாஸ்து பார்க்கிறவர் அடுப்பைக் கிழக்கே நகர்த்தச் சொல்வார் என்றால், அவரையும் கல் வெட்டுவதற்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.

அளவு

எந்த வீட்டிலும் சுவர் மூலை சரியான 90 டிகிரியில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், பழைய வீட்டில் சுத்தமாக வேண்டாம். எல் வடிவ மேடை என்றால், மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மற்றச் சுவரில் 4 அடியும் குறித்து, இரண்டு புள்ளிக்கும் குறுக்கே டேப் பிடியுங்கள். 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. அரை இன்ச் கூட வந்தால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் சுருங்கியிருக்கிறது. இதைப் பூச்சு வேலையின்போதே சரி செய்வது சுலபம். விட்டுவிட்டால், கல்லை நேராக வெட்டிக் கொண்டுவந்து வைத்ததும் சுவரோரம் ஆப்பு வடிவத்தில் இடைவெளி விழும். மேலே ஒட்டப்போகும் டைலும் அதன் பசையும் சேர்ந்து 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை மறைக்கும். அதற்கு மேல் போனால் மறையாது.

மேடையின் அகலம் 24 இன்ச் என்று எல்லாரும் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். கீழே மாடுலர் கேபினட் வந்தால் அதன் பெட்டி, கதவு, கதவுக்கு முன்னால் கல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய முக்கால் இன்ச், எல்லாம் சேர்ந்து 24 இன்ச் முழுசாகவே போய்விடும். பின்சுவர் வளைந்திருந்தால் அதுவும் போதாது. 25 என்று வைத்துக்கொள்வது நல்லது. இங்கேதான் கடைச் சரக்கின் அளவு குறுக்கே வரும். உள்ளூர் கல் கடைகளில் கிச்சனுக்கென்று நிற்பவை பெரும்பாலும் கட்டர் ஸ்லாப். சின்னப் பாறைத் துண்டுகளிலிருந்து வட்ட பிளேடில் அறுத்தவை, அகலம் இரண்டிலிருந்து இரண்டே முக்கால் அடிக்குள் இருக்கும். கேங்சா ஸ்லாப் என்பது பெரிய பாறையை மொத்தமாக அறுத்தது. ஐந்து, ஆறு அடி அகலம்கூட வரும், சதுர அடி விலையும் கூடும்.

ஸ்லாப்பின் நீள ஓரங்கள் வாள் வைத்த மாதிரி நேராக இருக்காது. இரண்டு பக்கமும் அரை அரை இன்ச்சாவது சீவித் தள்ள வேண்டும். 25 இன்ச் மேடைக்கு 26 இன்ச் கல் என்பது ஆகக் குறைந்த கணக்கு. முன்விளிம்பைத் தடிமனாகக் காட்ட அடியில் ஒரு பட்டை ஒட்டப்போகிறீர்கள் என்றால், அதே கல்லிலிருந்து அந்தப் பட்டையும் வர வேண்டும். பிளேடு தின்கிற 3, 4 மில்லிமீட்டரையும் சேர்த்தால் 28 இன்ச் கல் தேடுங்கள். வேறு கல்லில் எடுத்த பட்டையை ஒட்டினால் நிறம் ஒத்துப்போகாது.

ஒரு எல் மேடைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுவர் 9 அடி, மறு சுவர் 6 அடி, அகலம் 25 இன்ச். நீளக் கை 9 அடிக்கு 25 இன்ச், அதாவது 18¾ சதுர அடி. குட்டைக் கையில் மூலைப் பங்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் மிச்சம் 47 இன்ச்தான், அது 8 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஆக மேற்பரப்பு 27 சதுர அடி. சுவரோரம் 4 இன்ச் ஸ்கர்ட்டிங் (சுவரில் நிறுத்தி ஒட்டும் கல் பட்டை) வைத்தால் 15 அடி நீளத்துக்கு 5 சதுர அடி. முன்பட்டை 2 சதுர அடிக்குள். மொத்தம் 34. ஆனால் நீங்கள் வாங்கப்போவது சதுர அடியை அல்ல, முழு ஸ்லாப்பை. 9 அடி நீளமுள்ள ஒன்றும், 6 அடிக்குக் குறையாத இன்னொன்றும் வேண்டும். 28 இன்ச் அகலத்தில் அது 35 சதுர அடி. ஸ்கர்ட்டிங்குக்கு நீளம் பத்தாமல் போனால் இன்னொரு சின்னத் துண்டு. கடைக்காரரிடம் "முப்பத்தஞ்சு சதுர அடி" என்று மட்டும் சொன்னால் 7 அடிக் கல் இரண்டும் துண்டு ஒன்றும் தருவார்; நீளக் கையின் நடுவில் ஜாயிண்ட் விழும். அதனால் கையில் எடுத்துப்போக வேண்டியது சதுர அடிக் கணக்கு இல்லை, ஒவ்வொரு துண்டின் நீள அகலம் எழுதிய தாள்.

உயரம் பற்றி ஒரே ஒரு விஷயம். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு 4 முதல் 6 இன்ச் கீழே மேடை இருக்க வேண்டும். 5 அடி 2 இன்ச் உயரம் உள்ளவருக்கு அது 33, 34 இன்ச் பக்கம் வரும். ஆனால் மேடைமேல் தூக்கி வைக்கும் அடுப்பு என்றால் அதுவே நாலைந்து இன்ச் உயரம். வாணலியில் கிளறும்போது தோள் வலிக்கும். அப்படிப்பட்ட வீட்டில் மேடையை 31, 32 இன்ச்சில் நிறுத்துங்கள். பழைய மேடையை இடிக்காமல் அதன்மேலேயே புதுக் கல்லை ஏற்றினால் கலவையும் கல்லும் சேர்ந்து ஒன்றரை இன்ச் கூடும் என்பதையும், ஜன்னல் அடிக்கட்டையும் சுவிட்ச் பெட்டியும் அதற்கு இடம் கொடுக்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேடைமேல் என்ன சிந்தும்

புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, தக்காளி, மோர். இவை புளிப்பு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய். அப்புறம் மஞ்சள். நம் வீட்டு மேடைக் கல்லுக்கு வருகிற எதிரிகள் இவ்வளவுதான். கத்தியும் சூடும் அதற்கு அப்புறம்.

பளிங்கு இந்த வரிசையில் முதல் ஆளிடமே தோற்றுவிடும். ராஜஸ்தான் மக்ரானாவோ இத்தாலியோ, பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் மேற்பரப்பு கரையும். எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் பத்து நிமிஷத்தில் பளபளப்புப் போய் மங்கலாக ஒரு வட்டம் நிற்கும். அது கறை இல்லை, அரிப்பு. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, திரும்பப் பாலிஷ்தான் போட வேண்டும். "சீலர் அடிச்சிட்டா ஒண்ணும் ஆகாது" என்று விற்பவர்கள் சொல்வார்கள். சீலர் கல்லுக்குள் எண்ணெயும் தண்ணீரும் இறங்குவதைத்தான் தடுக்கும். மேலே நடக்கிற அரிப்பை அதால் நிறுத்த முடியாது. கடினமும் போதாது: 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் பளிங்கு 3, கிரானைட் 6க்கும் 7க்கும் நடுவே. பூஜை அறைக்கு வாங்குங்கள், சமையல் மேடைக்கு வேண்டாம்.

கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கறுப்பாக இருப்பதால் கிரானைட்டின் ஏழைத் தம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். பழைய கடப்பா மேடையில் சாம்பல் பூத்த திட்டுகள் இருப்பதற்குக் காரணம் அழுக்கு அல்ல, வருஷக்கணக்கான புளியும் மோரும். எண்ணெய் தடவினால் இரண்டு நாள் கறுப்பாகத் தெரியும், திரும்ப வெளுக்கும். ஆனால் மேடைக்குக் கீழே தாங்கு சுவராக, அலமாரித் தட்டாக, சிலிண்டர் அறைப் பிரிப்பாகக் கடப்பாவை மிஞ்சிய பொருள் இல்லை. தண்ணீர் பட்டு உப்பாது, கரையான் அரிக்காது. மேடைக்குக் கிரானைட், உள்ளே கடப்பா என்பது தமிழ்நாட்டு மேஸ்திரிகள் எப்போதோ கண்டுபிடித்த சரியான கூட்டு.

கிரானைட் என்று கடையில் விற்பதெல்லாம் ஒரே குணம் உள்ளதும் இல்லை. கறுப்பு வகைகள் கூடுதல் அடர்த்தியானவை. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம், கர்நாடகத்துச் சாமராஜநகர் போன்ற இடங்களிலிருந்து வரும் கறுப்புக் கல்லும், ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் சீமகுர்த்தியில் எடுக்கும் பிளாக் கேலக்ஸியும் எண்ணெயைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை. கேலக்ஸியில் தெரியும் பொன் புள்ளிகள் பூச்சு அல்ல, கல்லிலேயே உள்ள தாது. எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை பற்றிக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு இந்த வகைதான்.

ஆனால் கறுப்புக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. போர்வெல் தண்ணீர் வருகிற வீட்டில், குழாயைச் சுற்றியும் சிங்க் ஓரத்திலும் உப்பு வெள்ளையாகப் படியும். வெளிர் கல்லில் அது கண்ணுக்கே தெரியாது. கறுப்பில் கோலம் போட்டது மாதிரித் தெரியும். அதை எடுக்க ஆசிட் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தால் இரண்டு வருஷத்தில் அந்த இடம் மட்டும் மங்கிவிடும். கடின நீர் உள்ள ஊர்களில் நான் சொல்வது நடு நிறக் கற்கள்: கரீம்நகர்ப் பக்கம் எடுக்கும் டேன் பிரவுன், அல்லது ஸ்டீல் கிரே. மாவு சிந்தினாலும் உப்புப் படிந்தாலும் காட்டிக்கொடுக்காது, எண்ணெயும் அதிகம் குடிக்காது, விலையும் நியாயம். பார்க்க அழகா என்றால், சுமார்தான். தினமும் துடைக்கப்போவது யார் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

வெள்ளை, வெளிர் கிரானைட்டுகளில்தான் நிதானம் தேவை. காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் விற்கும் கல்லை எடுப்பது மதுரைப் பக்கம். அழகான கல், சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். அந்தப் புள்ளிகள் கார்னெட் என்ற தாது, அதில் இரும்பு உண்டு. எப்போதும் ஈரமாக இருக்கும் சிங்க் ஓரத்தில் புள்ளிகளைச் சுற்றிப் பழுப்பு மஞ்சள் படர வாய்ப்பு உண்டு. கல்லும் கொஞ்சம் உறிஞ்சும் ரகம். எண்ணெய்த் தூக்கு வைத்த இடத்தில் வட்டமாக இருண்டு நிற்கும். சீலர் போட்டு, சிந்தியதை உடனே துடைக்கிற வீட்டில் இது நன்றாகவே இருக்கும். வாடகைக்கு விடப்போகிற வீட்டுக்குச் சரிவராது.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாரடைசோ மாதிரி அலையலையாக ஓடும் கற்களில் கறையைவிட ஜாயிண்ட்தான் பிரச்சினை. எல் மூலையில் ஒரு துண்டின் அலை கிழக்கே போக, மறு துண்டின் அலை வடக்கே போகும். நேர் மேடைக்கு எடுங்கள்; எல் மேடைக்குப் புள்ளி ரகமே பாதுகாப்பு.

குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கை ஸ்லாப் இங்கே பேச்சு இல்லை. ஒரு வரி மட்டும்: அது கல் தூளைப் பிசினில் இறுக்கியது, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை அதன்மேல் வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழும். அதை அறுக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசியால் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. கிரானைட் தூசியிலும் சிலிக்கா உண்டு. வீட்டுக்குள் கிரைண்டர் வைத்து உலர்வாக வெட்ட விடாதீர்கள். வெளியே, தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள்.

கடையில் நின்று

கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளைத் துணி, நெயில் பாலிஷ் ரிமூவர், ஒரு எலுமிச்சம்பழம், தண்ணீர் பாட்டில், ஐந்து ரூபாய்க் காசு எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

முதலில் துணி. கறுப்புக் கல்லை இன்னும் கறுப்பாகக் காட்ட சாயம் ஏற்றுவது, மெழுகு தேய்ப்பது எல்லாம் நடக்கிற வேலைதான். ரிமூவரில் நனைத்த துணியால் ஒரே இடத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயக் கல். இதன் உண்மையான தொல்லை மோல்டிங் (விளிம்பை உருட்டிப் பாலிஷ் போடுவது) போடும்போதுதான் வெளிப்படும்: மேலே மை மாதிரி கறுப்பு, புதிதாக அறுத்துத் தேய்த்த விளிம்பு மட்டும் சாம்பல். எத்தனை பாலிஷ் போட்டாலும் சேராது. அப்போது பழி, கல் போடுகிறவர்மேல் விழும், தப்பு கல்லில் இருக்கும். இன்னொரு வழி, ஸ்லாப்பின் முதுகுப் பக்கத்தை ஈரப்படுத்திப் பாருங்கள். ஈரமான முதுகு முன்பக்கத்து நிறத்துக்கு ஓரளவு நெருங்க வேண்டும். வெளுத்தே நின்றால் சந்தேகப்படலாம்.

அடுத்து தண்ணீர். ஒரு கைப்பிடி தெளித்துப் பத்து நிமிஷம் விட்டுத் துடையுங்கள். துடைத்த இடம் இருண்டு நின்றால் கல் உறிஞ்சுகிறது, எண்ணெயையும் உறிஞ்சும். இதே தண்ணீர் விரிசலையும் காட்டும். ஸ்லாப் முழுக்க ஈரத்துணியால் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, காய்வதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்தபின்னும் ஒரு கோடு மட்டும் இருட்டாக நின்றால் அது மயிரிழை விரிசல். நகத்தால் குறுக்கே இழுத்தால் நகம் தட்டும். இயற்கையான ரேகையில் நகம் தட்டாது, ஈரமும் தங்காது. காசால் தட்டினால் நல்ல கல் கணீரென்று சொல்லும். விரிசல் ஓடிய இடத்தில் சத்தம் செத்துக் கேட்கும். கல்லைத் தரையில் படுக்கவைத்துத் தட்டினால் இது தெரியாது, நிறுத்தி வைத்திருக்கும்போது தட்ட வேண்டும்.

எலுமிச்சைச் சாறு ஒரு துளி, கால் மணி நேரம். நிஜமான கிரானைட்டில் தடம் இருக்காது. கிரானைட் பெயரில் வேறு ஏதாவது தலையில் கட்டுகிறார்களா என்பது இதில் தெரிந்துவிடும்.

முதுகில் வலை ஒட்டியிருந்தால் அந்தக் கல் தானாக நிற்கிற பலம் இல்லாதது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வலையின் பிசின்மேல் சிமென்ட் பிடிக்காது, கல் பசையில்தான் ஒட்ட வேண்டும். போடுகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தடிமனை நீங்களே அளந்துவிடுங்கள். 18 மில்லிமீட்டர் என்று பில் போடும் கல் 15, 16 இருப்பது சகஜம். ஒரே ஸ்லாப்பில் ஒரு முனை 18ஆகவும் மறு முனை 15ஆகவும் இருந்தால் ஜாயிண்டில் படி விழும். நாலு மூலையிலும் அளக்க வேண்டும். மேடைக்கு 18க்குக் குறையாமல், ஹாப் (கல்லில் ஓட்டை போட்டுப் பதிக்கும் அடுப்பு) வைப்பதாக இருந்தால் 20 எடுங்கள். எடை சதுர அடிக்கு நாலரை முதல் ஐந்தரை கிலோ வரும். 9 அடிக் கல் ஒன்று 100 கிலோ பக்கம் வரும். லிஃப்ட்டில் நிற்குமா, மாடிப்படி வளைவில் திரும்புமா என்று ஒரு நூலைப் பிடித்தாவது பார்த்துவிடுங்கள்.

இரண்டு ஸ்லாப் வாங்கினால் ஒரே பாறையில் அடுத்தடுத்து அறுத்ததைக் கேளுங்கள். ஓரத்தில் வரிசை எண் எழுதியிருக்கும். தேர்ந்தெடுத்ததன் விளிம்பில் அழியாத மார்க்கரில் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வந்து இறக்கும்போது அதைச் சரிபாருங்கள். வண்டியிலும் ஆள் கையிலும் கல் நிமிர்ந்தே இருக்க வேண்டும், கண்ணாடியைத் தூக்குவது மாதிரி. படுக்கைவசமாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் உடையும்.

வெட்டு

மேடை உடைகிற இடம் எப்போதும் ஓட்டை போட்ட இடம்தான். பத்து வீட்டு விரிசலைப் பார்த்தால் எல்லாமே ஹாப் ஓட்டையின் மூலையிலிருந்தோ சிங்க் ஓட்டையின் மூலையிலிருந்தோ கிளம்பியிருக்கும். கட்டிங் மெஷினை நேராக ஓட்டி, இரண்டு வெட்டும் குறுக்கே சந்திக்கிற மாதிரி மூலையை முடித்தால், அந்தக் கூர் மூலையிலிருந்து விரிசல் தொடங்கும். ஓட்டையின் நாலு மூலையிலும் முதலில் 10, 12 மில்லிமீட்டர் டிரில் துளை போட்டு, வெட்டை அந்தத் துளையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மூலை உருண்டையாக முடிந்தால் பாரம் பரவும். இதற்கு மேஸ்திரிக்குக் கால் மணி நேரம் கூட ஆகும். அதனால்தான் சொல்லாமல் விட்டால் செய்யமாட்டார்.

ஹாப்புக்கு முன்னும் பின்னும் மிஞ்சுகிற கல் பட்டை இரண்டரை இன்ச்சுக்குக் குறையக் கூடாது. 25 இன்ச் என்பது 635 மில்லிமீட்டர். ஹாப் ஓட்டை 480 என்றால் மிச்சம் 155, முன்னால் 75, பின்னால் 80. பரவாயில்லை. 22 இன்ச் மேடையில் அதே ஹாப்பை வைத்தால் முன்பட்டை ஒடிந்துவிடும். ஓட்டை அளவை ஹாப் பெட்டிக்குள் வரும் தாளில் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். ஹாப் வந்து சேராமல் ஓட்டை போட அனுமதிக்காதீர்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கே அளவு மாறும். முன்பட்டைக்கு அடியில் தாங்கல் கட்டாயம்.

சிங்க்கைக் கல்லுக்கு மேலே வைப்பதா, கீழே தொங்கவிடுவதா? கீழே வைத்தால் மேடையில் சிந்தியதை அப்படியே உள்ளே வழித்துத் தள்ளலாம், ஓரத்தில் அழுக்குச் சேராது. ஆனால் கல்லின் உள்விளிம்பு வெளியே தெரியும், அதையும் முன்விளிம்பு மாதிரியே முழுக்கப் பாலிஷ் போட வேண்டும். 24க்கு 18 இன்ச், 9 இன்ச் ஆழமுள்ள தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 60 கிலோ தண்ணீர். சிலிகானை மட்டும் நம்பித் தொங்கவிட்டால் ஒரு நாள் இறங்கிவிடும். அடியில் கம்பிச் சட்டமோ கடப்பா தாங்கலோ வேண்டும். குழாய்க்கான 35 மில்லிமீட்டர் துளை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். பிடியைப் பின்னால் தள்ளினால் டைலில் இடிக்கிற குழாய்கள் நிறைய உண்டு.

ஜாயிண்ட் எல் மூலையில் வரட்டும், நேர் வெட்டாக. 45 டிகிரியில் சாய்த்துச் சேர்த்தால் உள்மூலையில் ஊசி முனை வந்து, முதல் முறை குக்கர் இடித்ததுமே பொரிந்துவிடும். எந்த ஓட்டைக்கும் ஆறு இன்ச் பக்கத்தில் ஜாயிண்ட் வேண்டாம். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், எபாக்ஸிப் பசையில் அதே கல்லின் தூளைக் கலந்து அடைக்க வேண்டும். வெள்ளை சிமென்ட்டில் நிறம் கலந்து அடைத்தால் ஆறு மாதத்தில் பெயர்ந்து, அந்தக் கோட்டில் கறுப்புப் பாசி வரும்.

முன்விளிம்புக்கு ஹாஃப் ரவுண்டு, ஃபுல் ரவுண்டு என்று கேட்பார்கள். கூர் விளிம்பு பார்க்க நவீனமாக இருக்கும், பாத்திரம் படப் படப் பொரியும். சிங்க்குக்கு முன்னால் மட்டுமாவது உருட்டிவிடுங்கள். விளிம்புப் பாலிஷ் 50ஆம் நம்பர் பேடில் தொடங்கி 100, 200, 400, 800, 1500, 3000 என்று ஏற வேண்டும். நடுவில் இரண்டு நம்பரைத் தாண்டிவிட்டு மெழுகு தடவிக் காட்டினால் அன்று மினுங்கும், ஒரு மாதத்தில் விளிம்பு மங்கும். ரிமூவர் துணி அப்போதும் உதவும்.

காசு அதிகம் ஆகாத, ஆனால் கேட்டால்தான் செய்கிற ஒரு வேலை இருக்கிறது: கல்லின் அடிப்பக்கம், முன்விளிம்பிலிருந்து அரை இன்ச் உள்ளே தள்ளி, நீளவாக்கில் 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு காடி, அதாவது பள்ளக் கோடு. மேடையிலிருந்து வழிகிற தண்ணீர் உருண்ட விளிம்பைச் சுற்றிக்கொண்டு அடியில் ஓடி, கேபினட் கதவின் மேல்முனையில் இறங்குவது வழக்கம். காடி இருந்தால் அங்கேயே சொட்டிவிடும். கதவு உப்பிப்போய் கேபினட்காரரைத் திட்டுகிற வீடுகளில் பாதிக்குக் காரணம் இந்தக் காடி இல்லாததுதான்.

கூலியை எழுதி வாங்குங்கள்: போடுவதற்குச் சதுர அடிக்கு இவ்வளவு, மோல்டிங்குக்கு ரன்னிங் அடிக்கு இவ்வளவு, ஓட்டைக்கு ஒன்றுக்கு இவ்வளவு, காடி சேர்த்தா தனியா. சிங்க் ஓட்டையிலிருந்து வருகிற துண்டுக்கும் நீங்கள்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சப்பாத்தி தேய்க்க ஆகும்.

போடும் நாளும் அதற்குப் பிறகும்

காங்கிரீட் தட்டின்மேல் போடுவதென்றால் கலவை முழுப் பரப்பிலும் பரவியிருக்க வேண்டும். அங்கங்கே உருண்டை உருண்டையாக வைத்துக் கல்லை அமுக்கினால் நடுவில் பொந்து நிற்கும். அதன்மேல் தேங்காய் உடைத்தால் கல்லும் சேர்ந்து உடையும். வெளிர் கல்லுக்கு வெள்ளை சிமென்ட் கலவை. சாதா சிமென்ட்டின் ஈரமும் நிறமும் கல்லுக்குள் ஏறி, ஓரமெல்லாம் நிழலடித்த மாதிரி மாதக்கணக்கில் தெரியும். மரக் கேபினட் என்றால் கலவையே கூடாது, சிலிகான் பொட்டுகள் போதும். ஆனால் இரண்டு அடிக்கு மேல் தாங்கல் இல்லாத இடம் எங்கும் இருக்கக் கூடாது. சாப்பிட உட்காரும்படி வெளியே நீட்டுவதாக இருந்தால் 20 மில்லிமீட்டர் கல்லை ஆறு இன்ச்சுக்கு மேல் தாங்கல் இன்றி நீட்டாதீர்கள்.

ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சிங்க் பக்கம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தேங்காது. சில மேஸ்திரிகள் மேடை முழுக்க வாட்டம் கொடுப்பார்கள். அடுப்பு நிற்கும் இடம் மட்டமாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு பக்கமே ஓடும்.

டைல் ஒட்டி முடித்ததும் வேலையாட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். புது மேடை கெடுவது பல வீட்டில் அன்றைக்குத்தான். வெள்ளைக் கல்லில் உள்ள இரும்பு அந்த ஆசிட்டில் துருவேறி மஞ்சளாகும். கீழே வழிந்தால் கடப்பா தட்டும் வெளுக்கும். கல்மேல் கனமான பிளாஸ்டிக் விரித்து ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுத்தான் டைல் வேலையைத் தொடங்கவே விட வேண்டும்.

சீலர் வெளிர் கல்லுக்கு மட்டும் போதும். போட்ட உடனே அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் சிக்கிக்கொள்ளும். மூன்று, நான்கு வாரம் கல் காயட்டும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஒரு முழு நாள் உலரவிட்டு, கல்லுக்குள் இறங்கும் வகை சீலரைத் துணியால் தடவி, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மேலே மிஞ்சியதைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். மேலேயே காய விட்டால் பிசுபிசுப்பான படலம் நிற்கும். அடர்த்தியான கறுப்புக் கல்லில் சீலர் இறங்க இடமே இல்லாததால் இந்தப் படலம் மட்டும்தான் மிஞ்சும். வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், இருண்டால் திரும்ப ஒரு பூச்சு.

எண்ணெய்க் கறை ஊறிவிட்டால், டால்க் பவுடரை அசிட்டோனில் குழைத்துக் கறைமேல் கால் இன்ச் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். அதன்பின் தாளை எடுத்துவிட்டு, தானாகக் காய்ந்ததும் வழித்தெடுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை வேண்டியிருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், சிலிண்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். மஞ்சள் கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த துணியைப் போட்டு வைக்கலாம். வெயில் விழுகிற மேடை என்றால் மஞ்சள் தானாகவே வெளுத்துவிடும். கத்தி பட்ட இடத்தில் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் கல் கீறிவிட்டது என்று பயப்பட வேண்டாம், கத்தியின் எஃகுதான் கல்லில் தேய்ந்து ஒட்டியிருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பிளாஸ்டிக் நாரும் போதும்.

சிங்க் ஓரத்திலும் சுவரோரத்திலும் உள்ள சிலிகான் மட்டும் கல் அளவுக்கு உழைக்காது. கறுத்துப்போய் ஓரம் தூக்க ஆரம்பித்ததும் பிளேடால் சுரண்டி எடுத்து, ஒரு நாள் காயவிட்டு, பூஞ்சை பிடிக்காத ரக சிலிகானைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழையதன்மேல் இன்னொரு பூச்சுப் போட்டால் ஒட்டாது.